கைராசியில் குறை இல்லை, தண்ணியைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் அன்ரி. நான் இணுவிலில் பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து இரண்டு வருசமாகக் கொழும்புத்துறையில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வளவு இல்லை. மேற்குப் பார்த்த பல்கனி ஒன்றுதான் உண்டு. அதில் கறிவேப்பிலை, புதினா, மல்லி, கற்பூரவள்ளி, ரம்பை எல்லாம் சாடியில் வைத்தேன். கறிவேப்பிலையின் குருத்து மஞ்சளாகவே வருகிறது. புதினா இலை ஓரம் கருகி மூன்று தரம் செத்துவிட்டது. மல்லி நாலு இலை விட்டதும் பூத்துவிடுகிறது. கற்பூரவள்ளி அழுகிப்போயிற்று. மூலையில் இருக்கும் ரம்பை மட்டும் நிற்கிறது. காலையும் பின்னேரமும் தவறாமல் ஒவ்வொரு கப் தண்ணி விடுகிறேன். யூரியா ஒரு கரண்டி போட்டேன், முட்டைக்கோது நொறுக்கிப் போட்டேன். அம்மா வீட்டில் கறிவேப்பிலை கிணற்றடியில் தன்பாட்டில் நிற்கிறது, யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. எனக்குக் கைராசி இல்லை என்று மாமி சொல்கிறா. மெய்தானா? (வாசகி, கொழும்புத்துறை)

அன்புள்ள பிள்ளைக்கு,

நல்லூர்க் கொடியேறிய கிழமைதான் உங்கள் கடிதம் வந்தது. கூட அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் மாமியின் கதைக்கு மறுமொழி சொல்லிவிடுகிறேன். 31 வருசம் விவசாயப் போதனாசிரியராக வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் வளவு வளவாக நடந்திருக்கிறேன். கைராசிக்காரர் என்று ஊரில் பேர் எடுத்த பலரின் வீட்டுக் கிணற்றுத் தண்ணியைக் குடித்தும் இருக்கிறேன். நல்ல தண்ணி. அவர்கள் கைராசியில் பாதி அந்தக் கிணறு. உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை.

படத்தில் இலையைப் பார்க்கும் முன்னர் சாடியின் விளிம்பைத்தான் பார்த்தேன். மண்சாடியின் வெளிப்பக்கம் திருநீறு பூசியதுபோல வெள்ளையாகப் பூத்திருக்கிறது. புதினா நின்ற மண்ணின் மேலும் அதே படை. உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியை ஒருக்கால் பாருங்கள், அங்கேயும் வெள்ளைப் படை பிடித்திருக்கும். உங்கள் ஐந்து சாடிகளில் இரண்டின் வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கியாறு இருக்கிறது, அது மாரிக்கு மட்டும் ஓடும். நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் மாரியில் பெய்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிற மழைத்தண்ணி. கல்லுக்குள் நிற்பதால் சுண்ணாம்பு கரைந்து வரும். இதற்குக் கீழே கடல்தண்ணி இருக்கிறது. நல்ல தண்ணி பாரம் குறைந்தது, அதனால் அதன்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலாவரைக் கிணற்றைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அதிலும் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத்தண்ணி. இணுவில் குடாநாட்டின் நடுப்பக்கம். அங்கே தண்ணியில் சுண்ணாம்பு இருக்கும், உப்பு குறைவு. கொழும்புத்துறையோ கடல்நீரேரிக் கரை. ஆடி ஆவணியில் கிணறு வற்ற வற்றச் சவர் ஏறும். அந்தத் தண்ணியைத்தான் மோட்டர் இழுத்து உங்கள் மேல்தாங்கிக்கு ஏற்றுகிறது.

சரி, இதே சவர்த் தண்ணியில் உங்கள் பக்கத்து வளவுகளில் முருங்கையும் தென்னையும் நிற்கின்றனவே என்று கேட்பீர்கள். நிலத்தில் நிற்கும் மரத்துக்கு மாரி என்ற ஒன்று உண்டு. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரைக்கும் பெய்கிற மழை வேரடியில் சேர்ந்த உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விடும். கூரைக்குக் கீழே பல்கனியில் இருக்கும் சாடிக்கு அந்தக் கழுவல் கிடைப்பதில்லை. சொதியை அடுப்பில் மறந்து விட்டால் என்ன நடக்கும்? தண்ணி வற்ற வற்ற உப்புக் கூடும். நீங்கள் காலை ஒரு கப், பின்னேரம் ஒரு கப் விடுகிறீர்கள். தண்ணியைச் செடி குடிக்கிறது, வெயில் குடிக்கிறது. அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் சாடியிலேயே கிடக்கின்றன. இரண்டு வருசத்தில் அந்த மண் எவ்வளவு உப்பைச் சேர்த்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடி ஓட்டையால் ஒரு சொட்டும் வெளியே வராத தண்ணி செடிக்கு மெல்ல மெல்லக் கெடுதல் செய்கிறது. நீங்கள் தவறாமல் விட்டது அன்பினால்தான், ஆனால் அந்த அளவுதான் பிழை.

ஆகவே முதல் வேலை கழுவுவது. ஒவ்வொரு சாடியாகக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். சாடி எத்தனை லீற்றர் பிடிக்குமோ அதைப்போல மூன்று மடங்கு தண்ணியை அரை மணித்தியாலம் எடுத்து, நின்று நின்று ஊற்றுங்கள். 5 லீற்றர்ச் சாடிக்கு 15 லீற்றர். முதலில் கீழால் வரும் தண்ணி தேத்தண்ணி நிறத்தில் இருக்கும், போகப்போகத் தெளியும். அதற்குத் தாங்கித் தண்ணியைப் பாவிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகும்போது இரண்டு 20 லீற்றர்க் கலன் கொண்டுபோய் இணுவில் தண்ணியை அள்ளிக்கொண்டு வாருங்கள். குளிரூட்டி உள்ள வீடென்றால் அதிலிருந்து குழாயால் சொட்டும் தண்ணியில் உப்பே கிடையாது, அதையும் சேர்த்து வைக்கலாம். அரிசி கழுவிய தண்ணி நல்லது. மீன் கழுவிய தண்ணியைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவது எங்கள் வீடுகளில் பரம்பரை வழக்கம். வளவில் நிற்கும் மரத்துக்கு அது பலன்தான், சாடிக்கு வேண்டாம். நாற்றமும் இலையானும் வரும், போதாக்குறைக்கு மீனின் உப்பும் சேரும்.

மாரி வந்தால் இந்தக் கவலை பாதி குறையும். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணி. உங்கள் பல்கனிக்கு மேலே தகரம் இறக்கியிருப்பது படத்தில் தெரிகிறது. அது இரண்டு மீற்றருக்கு மூன்று மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 20 மில்லிமீற்றர் பெய்கிற ஒரு நாள் மழையில் 120 லீற்றர் ஓடி வீணாகிறது. தகரத்தின் ஓரத்தில் ஒரு பீலி கட்டி, மூடியுள்ள பரல் ஒன்றுக்குள் விடுங்கள். பரலின் வாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்ட மறக்கக்கூடாது. மாரி என்றால் டெங்குக் காலமும்தான். அதே காரணத்துக்காகச் சாடிகளுக்குக் கீழே வைத்திருக்கும் தட்டுகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை பார்த்திருக்க வேண்டாம். கழுவி வடிந்த உப்புத்தண்ணி தட்டில் நின்றால் அதைச் சாடி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பதும் ஒன்று. தட்டுக்குப் பதிலாக இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் சாடியை ஏற்றுங்கள். ஓட்டை அடைபடாது, சீமெந்துத் தரையின் சூடும் ஏறாது.

இனித் தண்ணி விடும் முறை. மணிக்கூட்டைப் பார்த்து விடாதீர்கள். விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணி இல்லை. காய்ந்திருந்தால் காலையில் அடியால் வடியும்வரை விடுங்கள், பிறகு அதை மறந்துவிடுங்கள். இன்னொரு வழி சாடியைத் தூக்கிப் பார்ப்பது. தண்ணி விட்டவுடன் ஒருதரம் தூக்கிப் பாரத்தைக் கையால் அறிந்து வையுங்கள், இரண்டு நாள் கழித்துத் திரும்பத் தூக்குங்கள். ஒரு மாதத்தில் கை தானாகவே சொல்லும். என்னைக் கேட்டால், கைராசி என்று ஆட்கள் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

மேற்குப் பார்த்த பல்கனி என்பதால் உங்களுக்கு இன்னொரு தொல்லை இருக்கிறது, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் கடல்நீரேரி மேலால் வருகிற அந்தக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும், மெல்லிய உவரையும் இலையில் படிய வைக்கும். அதோடு பின்னேர வெயில். இரண்டும் சேர்ந்தால் புதினா தாங்காது. பல்கனிக் கம்பியில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கிடுகைக் கட்டிவிடுங்கள். கிடுகு கிடைக்காவிட்டால் பச்சை நிழல்வலை வாங்கிக் கட்டலாம். ஆனால் கிடுகுதான் எனக்குப் பிடித்தம். காற்றை முழுக்க மறிக்காது, வடிகட்டி விடும். கிழமைக்கு ஒருதரம் பின்னேரத்தில் நல்ல தண்ணியால் இலைகளைக் கழுவி விட்டால் படிந்த உவர் போய்விடும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இணுவில் செம்மண்ணை அப்படியே கொண்டுவந்து சாடியை நிரப்பியிருக்கிறீர்கள் என்று படத்தில் தெரிகிறது. அந்த மண் எங்களுக்குச் சோறு போட்ட மண், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாடிக்குள் தனியாகப் போட்டால் நாலு மாதத்தில் செங்கல்லாக இறுகிவிடும், தண்ணி விளிம்பால் மட்டும் வழிந்து ஓடும். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு. உமிக்கரி கிடைத்தால் அதிலும் அரைப் பங்கு சேருங்கள். தும்புத்தூளை ஒரு வாளியில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணியில் அலசிப் பிழிந்து எடுக்க வேண்டும். தும்பு உப்புத்தண்ணியில் ஊறி வந்திருந்தால் அதிலும் உப்பு இருக்கும். கடற்கரை மணலைக் கலக்காதீர்கள். சிப்பித்தூள் கலந்த மணல் என்றால் சுண்ணாம்பைக் கைநிறைய அள்ளிப் போட்டதற்குச் சமன்.

இப்போது கறிவேப்பிலைக்கு வருவோம். எல்லாரும் அதிகம் கேட்பதும் இதைத்தான்.

உங்கள் படத்தில் அடி இலைகள் பச்சையாக இருக்கின்றன. மேலே வந்த குருத்து மட்டும் மஞ்சள், அதிலும் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. இதை நன்றாக மனதில் பதியுங்கள். அடி இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது நைதரசன் பற்றாக்குறை. குருத்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. நீங்கள் குருத்து மஞ்சளைப் பார்த்து யூரியா போட்டீர்கள். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். செடி கேட்டது வேறு, கிடைத்தது வேறு. அந்தச் சின்னச் சாடிக்கு ஒரு கரண்டி யூரியா என்பது வேரைச் சுட்டுவிடக்கூடிய அளவு. நல்ல காலம், கறிவேப்பிலை தப்பிவிட்டது.

இரும்பு என்றதும் துருப்பிடித்த ஆணியைச் சாடியில் புதைக்கச் சொல்லி நாலு பேர் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள்: எங்கள் செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பினால்தான். துருவும் அதே சாதிதான். மண்ணுக்குள் இரும்பு நிறையக் கிடக்கிறது, அதை வேர் எடுக்க முடியாதபடி தண்ணியில் வந்த சுண்ணாம்பு பூட்டி வைத்திருக்கிறது. பூட்டைத் திறக்க வேண்டுமே தவிர, பெட்டிக்குள் இன்னும் இரும்பைப் போடுவதால் பலனில்லை. நீங்கள் போட்ட முட்டைக்கோதும் சுண்ணாம்புதான். மழை கொட்டி மண் புளிக்கும் ஊர்க்காரர் சொல்கிற யோசனை அது. அவர்களுக்குச் சரி. யாழ்ப்பாணத்துத் தண்ணி விடுகிறவர்களுக்கு அது பூட்டுக்கு மேல் பூட்டு. அடுப்புச் சாம்பலும் அப்படியே, வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. 5 லீற்றர் தண்ணிக்கு அரைத் தேசிக்காயைப் பிழிந்து கலக்கி, இரண்டு கிழமைக்கு ஒருதரம் கறிவேப்பிலைக்கு மட்டும் விடுங்கள். தேசிப்புளி தண்ணியில் உள்ள சுண்ணாம்புக் காரத்தைக் கொஞ்சம் அடக்கும். அதிகம் பிழிந்தால் அதிகம் பலன் என்று நினைக்கக்கூடாது, அரைக் காய் காணும். உப்புப் போடாத புளித்த மோரை ஒன்றுக்குப் பத்துத் தண்ணி கலந்து விடும் பழைய பழக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மேல்வீட்டில் எறும்பு வரும் என்பதால் தேசிக்காயே வசதி. கெதியாகப் பச்சை வர வேண்டுமென்றால் விவசாய மருந்துக்கடையில் இரும்பு சேர்ந்த நுண்ணூட்டம் இருக்கும். இலைக்கு விசிறும் வகையைக் கேட்டு வாங்கி, பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு துளியும் கூட்டாமல் பின்னேரத்தில் விசிறுங்கள். மஞ்சளாகிவிட்ட பழைய குருத்து பாதிதான் தேறும். அடுத்து வரும் குருத்தைப் பாருங்கள், அதுதான் சாட்சி.

கறிவேப்பிலை ஒரு மரம் என்பதையும் மறக்காதீர்கள். நீங்கள் வைத்திருக்கும் சட்டி புதினாவுக்குத்தான் பொருத்தம். ஒன்றேகால் அடி ஆழமுள்ள சாடி வேண்டும், பழைய பெயின்ற் வாளி இருந்தாலும் காணும், அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டால் சரி. மாற்றி நடும்போது வேர்ப்பந்தைக் கலைக்காமல் வையுங்கள். இலை எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சொதி கொதிக்கும்போது ஓடிவந்து ஈர்க்கிலிருந்து நாலு இலையை உருவிக்கொண்டு போகிறோமே, அதனால்தான் பல வீடுகளில் கறிவேப்பிலை உச்சியில் மட்டும் இலையோடு தடிபோல நிற்கிறது. தண்டின் நுனியை, ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கத்தரிக்கோலால் வெட்டுங்கள். வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை வெடிக்கும். செடி இரண்டடி உயரம் வரும்வரை பொறுங்கள், அதற்குப் பிறகு வெட்ட வெட்டத்தான் அது சடைக்கும். பூ வந்தால் கிள்ளி விடுங்கள், இல்லையென்றால் பலமெல்லாம் பழத்துக்குப் போய்விடும். மார்கழி தைப் பனிக்குச் செடி சாடையாகத் தூங்கும். அப்போது பயந்து தண்ணியையும் பசளையையும் கூட்ட வேண்டாம்.

ஒருநாள் காலையில் இலைமேல் குருவி எச்சம்போல ஒன்று ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். துடைக்கப் போகாமல் கிட்டப் போய்ப் பாருங்கள். அது வண்ணாத்திப்பூச்சியின் புழு. சில நாளில் பச்சைப் புழுவாகிக் கொழுக்கும், தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு புளிச்ச மணத்தை விடும். தேசி மரத்திலும் இதே புழு வரும், தேசியும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம். சின்னச் செடியை மூன்று புழு இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். மருந்து அடிக்காதீர்கள், நாளைக்கே கறிக்கு எடுக்கப்போகும் இலை அது. கையால் எடுத்து, கீழே யாருடைய வளவிலாவது பெரிய கறிவேப்பிலையோ தேசியோ நின்றால் அதில் விட்டுவிடுங்கள். பெரிய மரத்துக்கு அது ஒரு சேதமில்லை. வெண்மூட்டுப்பூச்சி அல்லது அசுகுணி வந்தால், உடைத்தெடுத்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணியில் இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, சவர்க்காரம் ஒரு சின்னத் துண்டு கரைத்து இலையின் அடிப்பக்கம் படும்படி விசிறுங்கள். ஒரு கிழமை கழித்துக் கழுவிப் பாவியுங்கள்.

புதினா மூன்று தரம் செத்ததில் கவலைப்படாதீர்கள், அதைப்போலத் திரும்ப வளர்க்கச் சுகமான செடி வேறில்லை. உப்புக்கு முதலில் சாவதும் அதுதான். இலை ஓரம் கருகியது உப்பின் அடையாளம். தின்னவேலிச் சந்தையில் வாங்கும் புதினாக் கட்டிலிருந்து தடித்த தண்டாக ஐந்தாறு தெரிந்தெடுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கிளாஸ் நல்ல தண்ணியில் குசினி யன்னலோரம் வையுங்கள், தண்ணியை இரண்டு நாளுக்கு ஒருதரம் மாற்றுங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் கணுக்களிலிருந்து வெள்ளை வேர் நூல்நூலாக இறங்கும். வேர் விரல் நீளம் வந்ததும் நடுங்கள். புதினா ஆழத்தைத் தேடாது, பக்கவாட்டில் ஓடும். ஆகவே பழைய பிளாஸ்ரிக் பேசின் ஒன்றில் ஓட்டை போட்டு நடுவது நல்லது. காலை வெயில் இரண்டு மூன்று மணித்தியாலம் காணும், பின்னேர வெயில் படக்கூடாது. இதற்கு மட்டும் மழைத்தண்ணியோ இணுவில் தண்ணியோதான் விட வேண்டும். மூன்று நாலு மாதத்தில் பேசின் முழுக்க வேர் பின்னி, நடு வெறுமையாகி, ஓரத்தில் மட்டும் துளிர்க்கும். அது செடி சாகிறது என்பதற்கு அடையாளமில்லை. கவிழ்த்து எடுத்து, ஓரத்துத் துளிர்களைப் புது மண்ணில் நடுங்கள். இலைக்குக் கீழே மெல்லிய வலைபோலக் கண்டால் சிற்றுண்ணி. தண்ணியைப் பீச்சி அடிப்பக்கத்தைக் கழுவினால் போய்விடும்.

கற்பூரவள்ளியின் இலையைப் பாருங்கள், தடிப்பாக, தண்ணி நிறைந்து இருக்கும். தனக்கு வேண்டியதைத் தானே சேர்த்து வைக்கிற செடி. அதற்கு ஒரு நாளைக்கு இரண்டு தரம் தண்ணி விட்டால் அழுகத்தான் செய்யும். ஒரு கொப்பை முறித்து, ஒரு நாள் நிழலில் வாடவிட்டு நடுங்கள், கிழமைக்கு ஒரு தண்ணி விட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

ரம்பை நிற்பதற்குக் காரணம் நீங்கள் அதை மூலை நிழலில் வைத்ததுதான். அங்கேயே இருக்கட்டும். அடி இலைகளை மட்டும் எடுங்கள், நடுக்குருத்தை வெட்டாதீர்கள். பக்கத்தில் சின்னக் கன்று வெடித்து அதற்கு வேர் தெரிந்ததும் பிரித்து வைக்கலாம்.

இந்தச் செடியைப் பற்றி எழுதும்போது எனக்கு ஒரு நினைவு வருகிறது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் நாங்கள் சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டுப் பத்தியில் ஒதுங்கியிருந்தோம். அந்த வீட்டு அம்மா தன் ரம்பைப் பற்றையிலிருந்து ஒரு கன்றைப் பிரித்துத் தந்தா. பால்மா ரின்னில் ஆணியால் ஓட்டை போட்டு அதில் நட்டு, அடுப்புக்கு அந்தப்பக்கம் வைத்திருந்தேன். முதல் இலையை வெட்டிச் சோற்றுக்குள் போட்ட அன்று, மணம் வந்ததும் என் சின்னவன் எழும்பி உட்கார்ந்து "எங்கட வீட்டுச் சோறு" என்றான். அன்றிலிருந்து சாடிச் செடி கேட்டு வருகிறவர்களுக்கு நான் அக்கறையோடுதான் மறுமொழி சொல்கிறேன். வளவில்லாதவருக்குச் சாடிதான் வளவு. வாடகை வீடு மாறும்போது கூடவே வரக்கூடிய வளவும் அதுதான்.

பசளை போட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கழுவி முடித்த பிறகு ஒரு மாதம் ஒன்றும் போடவேண்டாம். அதன்பின் மாதம் ஒருதரம், சாடிக்கு ஒரு கைப்பிடி கூட்டெருவை மேல்மண்ணைக் கிளறிப் போட்டு மூடினால் காணும். யூரியாப் பையை அம்மா வீட்டுத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக மல்லி. அதைப் பொறுத்தவரை உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை, காலம்தான் பிழை. மல்லி குளிர்காலப் பயிர், சூடு கண்டால் உயிர் போகப்போகிறது என்று நினைத்து அவசர அவசரமாகப் பூத்து விதை தள்ளும். இந்தச் சோளக வெயிலில் யார் விதைத்தாலும் அதுதான் நடக்கும். பூத்ததைப் பிடுங்கிக் கறியில் போட்டுவிட்டுச் சாடியை மாரிக்கு ஆயத்தமாக வையுங்கள். அதுவரைக்கும் மல்லி மணம் இல்லாமல் முடியாதென்றால், நாற்றுக் கடைகளில் நீளமான இலை, ஓரம் பல்லுப்பல்லாக இருக்கும் ஒரு மல்லி வகை சிலவேளை கிடைக்கும். அதற்கு நிழலும் சூடும் ஒத்துவரும், மணம் கொஞ்சம் கடுமை.

கார்த்திகையில் மழை ஓய்ந்து ஓய்ந்து பெய்யத் தொடங்கியதும் மல்லியை விதையுங்கள். கறிக்கு வாங்கும் மல்லியே காணும், ஆனால் பழசோ என்று அறிய முதலில் இருபது விதையை ஈரத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பத்தாவது முளைத்தால் அந்தப் பைக்கற்றை நம்பலாம். ஒரு மல்லி என்று நாங்கள் நினைப்பது இரண்டு விதை ஒட்டியது. சுளகில் பரப்பி, ஒரு சிரட்டையின் முதுகால் மெல்ல உரசினால் இரண்டாகப் பிரியும். அழுத்தக்கூடாது, நொறுங்கினால் அது சரக்குத்தான். பிரித்ததை இரவு ஊறவைத்து, காலையில் அரை அங்குல ஆழத்தில் நேராகச் சாடியிலேயே போடுங்கள். நாற்றுப் போட்டுப் பிடுங்கி நட்டால் மல்லியின் ஆணிவேர் பொறுக்காது. முளைக்க ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை எடுக்கும். ஒரேயடியாக எல்லாவற்றையும் விதைக்காமல் இரண்டு கிழமைக்கு ஒரு சாடி என்று மாசி வரைக்கும் போட்டுக்கொண்டு வந்தால், ஒன்று முடிய மற்றது வந்துகொண்டே இருக்கும். கடும் மழை நாளில் மட்டும் சாடியைச் சுவரோரம் இழுத்து வையுங்கள்.

அந்த விதை உரசுகிற வேலையை மாமியிடம் கொடுங்கள். சிரட்டையால் எவ்வளவு அழுத்தலாம் என்று அவவின் கைக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் அன்ரி